வாய்விட்டுச் சிந்திக்கப் பழகுதல்

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிலின் பெரிய திருக்குளத்தைச் சுற்றி வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு டெக்னோபார்க் தொலைவில் உள்ள இடம் அன்று. ஈஞ்சக்கல்லில் புறவழிச்சாலையைப் பிடித்தால் கழக்கூட்டம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர்தான். 1990ஆம் ஆண்டு அந்தப் பூங்கா தொடங்கப்பட்ட காலத்தில், அரசு அலுவலகமும் வங்கியும் பள்ளிக்கூடமும் அல்லாத வேறொரு பணியைப் பற்றி இத்தெருக்களில் முதன்முதலாகப் பேச்சு எழுந்தது. இன்று பொறியியல் படித்த பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். ஆயினும் அந்தப் பதினைந்து கிலோமீட்டரைக் கடப்பதற்கு முன்பு ஒரு நேர்காணலைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதற்காக நம் வீடுகளில் நடைபெறும் ஆயத்தம் பெரும்பாலும் பாதி ஆயத்தமாகவே நின்றுவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, மென்பொருள் பொறியாளர் பணிக்கான நேர்காணலுக்கு ஐந்து மாதம் உழைத்தாள். இரண்டு குயர் நோட்டு நிறைய நிரல்கள். கைப்பேசியில் நூற்றுக்கணக்கான வினாவிடைகள். எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றாள். நேர்காணலில் ஒரு கணக்கைக் கொடுத்து விடை காணச் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். விடையும் சரியாக வந்தது. வேலை மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து, “விடை வந்துடுத்து, சித்தி. ஆனா நான் வாயே திறக்கலை” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவளே தன் தோல்வியின் காரணத்தைக் கூறிவிட்டாள். நேர்காணல் நடத்துபவர் விடையை மட்டும் நாடி அமர்ந்திருப்பதில்லை. விடை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாளை தம்முடன் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யப்போகும் இவர் எவ்வாறு எண்ணுகிறார் என்பதையே அவர் அறிய விரும்புகிறார். எண்ணம் வெளியே கேட்டாலன்றி அவருக்கு அது தெரிய வழியில்லை.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் மாலையில் சுவாதித் திருநாளின் கீர்த்தனங்கள் பாடப்பெறுகின்றன. எந்த நாளில் எந்தக் கீர்த்தனம் என்பது முன்பே முடிவானது. முதல் நாள் சங்கராபரணத்தில் ‘தேவி ஜகஜ்ஜனனி’ என்பதை வித்துவானும் அறிவார், கேட்பவரும் அறிவர். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் சென்று அமர்கிறோம். கீர்த்தனத்துக்கு முன்னும் பின்னும் ராகத்தையும் சுரத்தையும் வித்துவான் அந்த நேரத்தில் எவ்வாறு விரித்துச் செல்கிறார் என்பதைக் கேட்கவே செல்கிறோம். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. சபையின் முகத்தைப் பார்த்து உற்சாகம் பெற முடியாது. அமைதியின் நடுவே தம் எண்ணத்தைத் தாமே நடத்திச் செல்ல வேண்டும். நேர்காணல் அறையும் அத்தகையதே. நம் பிள்ளைகள் கீர்த்தனத்தை மனப்பாடம் செய்கிறார்கள்; மனோதர்மத்தை ஒரு நாளும் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பதில்லை.

வாய்விட்டுச் சிந்திப்பது என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்காக, அவர்கள் கையில் உள்ள பாஸ்புக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆயிரம் வரவுகள் உள்ளன என்க. எந்த இரண்டு வரவுகளைக் கூட்டினால் சரியாக ஐயாயிரம் ரூபாய் வரும்? நேர்காணல்களில் வெவ்வேறு வேடத்தில் அடிக்கடி வரும் கணக்கு இது. மனப்பாடம் செய்தவர் உடனே சாவிப்பலகையில் கை வைப்பார். பழகியவர் முதலில் கேட்பார்: ஒரே வரவை இருமுறை கொள்ளலாமா? ஒரு இணை போதுமா, எல்லா இணைகளும் வேண்டுமா? பாஸ்புக் வெறுமையாக இருந்தால் என்ன விடை சொல்வது? இவை காலம் கடத்தும் வினாக்கள் அல்ல. வாடிக்கையாளர் கூறாமல் விட்டதைக் கேட்டறிவது இந்தத் தொழிலின் பாதி வேலை.

அடுத்து, எளிய வழியைக் கூசாமல் கூற வேண்டும். ஒவ்வொரு வரவையும் மற்ற ஒவ்வொன்றுடனும் கூட்டிப் பார்ப்பேன். ஆயிரம் வரவுகளுக்கு 4,99,500 இணைகள் வரும். பாஸ்புக்கில் ஒரு இலட்சம் வரவுகள் இருந்தால் ஏறத்தாழ 500 கோடி இணைகள்; ஆகவே இது பெரிய கணக்குக்கு உதவாது. இதைக் கூறிய பின் மேலான வழிக்குச் செல்லலாம். ஒவ்வொரு வரவாகப் படித்துவரும்போது ஐயாயிரத்துக்கு எஞ்சிய தொகை எவ்வளவு என்று பார்க்கிறேன். அத்தொகையை முன்பே கண்டிருக்கிறேனா என்று குறிப்பேட்டில் தேடுகிறேன். இல்லையெனில் இந்த வரவைக் குறித்துவைத்து நகர்கிறேன். நிரலாளர் இக்குறிப்பேட்டை ஹேஷ் டேபிள் என்பர். ஒரே நடையில் கணக்கு முடிந்துவிடுகிறது. குறிப்பேட்டுக்கான நினைவகம் மட்டும் கூடுதலாகச் செலவாகிறது. எதைக் கொடுத்து எதை வாங்கினேன் என்று சொல்லத் தெரிந்தவரை, இடையில் ஒரு வரி தவறாக எழுதியதற்காக எந்த நல்ல நேர்காணலரும் புறந்தள்ளமாட்டார்.

இதைத் தனியறையில் நன்றாகச் செய்பவரும் ஒருவர் எதிரில் அமர்ந்தால் தடுமாறுவது ஏன்? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளருடன் இணைந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 48 பேரிடம் நிரல் கணக்கைக் கொடுத்தனர். ஒரு பகுதியினர் தனியே அமர்ந்து விடை கண்டனர். மறு பகுதியினர் நேர்காணலர் பார்த்திருக்க, எண்ணுவதை உரக்கக் கூறியபடி வெண்பலகையில் எழுதினர். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இந்த முறையே பிழையானது என்று ஆய்வாளர்கள் கருதுவதில் நியாயம் உண்டு. ஆனால் நிறுவனங்கள் முறையை மாற்றும்வரை எங்கள் தெருப் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. பார்க்கப்படுவதும் ஒரு பழக்கமே. வீட்டிலேயே அதைப் பழகிக்கொள்ளலாம்.

கணினி வழி நேர்காணலில் மறைவாகச் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு விடை சொல்லலாமே என்று சில இளைஞர்கள் எங்களிடம் கூறியதுண்டு. குறைந்தது ஒரு சுற்றையேனும் நேரில் நடத்தப்போவதாகக் கூகிளின் தலைவர் சுந்தர் பிச்சை 2025இல் கூறியதை அவர்களுக்கு நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மொழியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசி வளர்பவர்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடைபெறுவதால் ஆங்கிலத்திலேயே பயில வேண்டும் என்று பயிற்சி மையங்கள் வலியுறுத்துகின்றன. நாங்கள் இதில் மாறுபடுகிறோம். தன் இறுதியாண்டுத் திட்டப்பணியை வீட்டில் உள்ள பாட்டிக்குத் தமிழில் விளக்க முடியாதவர், அதனை உண்மையில் புரிந்துகொள்ளவில்லை. ஆங்கிலச் சொற்கள் அந்தப் புரியாமையை மூடி வைத்திருக்கின்றன, அவ்வளவே. முதலில் தமிழில் விளக்கட்டும். “அதை ஏன் அப்படிச் செய்தாய்?” என்று பாட்டி கேட்கும் கேள்வியையே நேர்காணலரும் கேட்பார். பின்னர் அதே விளக்கத்தை எளிய ஆங்கிலத்தில், குறுகிய வாக்கியங்களில் கூறிப் பழகலாம். நண்பன் செய்த திட்டப்பணியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர்கள் இந்தப் பயிற்சியின் இரண்டாம் நிமிடத்திலேயே அகப்பட்டுவிடுவார்கள் என்பது இதன் உபரிப் பயன்.

வங்கியின் இதழில் எழுதிக்கொண்டு பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது முறையன்று. இந்த ஆயத்தம் நடைபெறும் மாதங்கள் பல வீடுகளில் கல்விக்கடனின் நிழலில் கழிகின்றன. வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில், படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கேட்கப்படுவதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நான்கு இலட்சம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி பத்து விழுக்காடு என்று கொண்டால், ஆண்டுக்கு நாற்பதாயிரம். மாதத்துக்கு ஏறத்தாழ 3,300 ரூபாய். அந்த ஓராண்டு ஓடுவதைக் கண்டு அஞ்சும் பெற்றோர், நகைக்கடன் பெற்றேனும் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சி வகுப்புகளில் பணத்தைக் கட்டுகின்றனர். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் புதிதாகச் சேர்பவரின் ஊதியம் நெடுங்காலமாகவே ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு இலட்சம் ரூபாய்க்குள் நிற்கிறது. அதைக் கருத்தில் கொண்டு பயிற்சிக் கட்டணத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். வாய்விட்டுப் பேசும் பயிற்சிக்கு வேண்டியது கேட்க ஒருவர் மட்டுமே. வகுப்புக்கு ஒதுக்கிய தொகையில் அந்த ஓராண்டின் வட்டியை மாதந்தோறும் கட்டிவருவது, பின்னால் வரும் தவணையின் சுமையை மெய்யாகவே குறைக்கும்.

அச்சம் மிகுந்த வீட்டில்தான் ஏமாற்றுக்காரரும் நுழைகிறார். பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், வேலை தருவதற்குப் பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர். சம்பளக் கணக்கு தொடங்குவதாகக் கூறி ஓ.டி.பி. கேட்பவரும் அவ்வகையினரே. பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த மணியிலேயே 1930 என்ற எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். தாமதம் கூடக்கூடப் பணம் கைமாறிக்கொண்டே போகும். பணியனுபவம் இருப்பதாகப் பொய்ச் சான்று வாங்கித் தருபவர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்து அது வெளிப்பட்டாலும் வேலை பறிபோகும். கடன் மட்டும் எஞ்சும்.

எங்கள் உறவுக்காரப் பெண் அதன்பின் நோட்டை ஓரமாக வைத்துவிட்டாள். நாளொன்றுக்கு ஒரே ஒரு கணக்கு. முக்கால் மணி நேரம். எதிரே நாற்காலியில் அவளுடைய தாத்தா. தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நிரல் என்றால் என்னவென்று அறியாதவர். தலையசைக்கக் கூடாது, ஏன் என்று மட்டும் கேட்கலாம் என்பது அவருக்கு இடப்பட்ட நிபந்தனை. முதல் வாரம் அவள் அழுதாள். மூன்றாம் வாரத்தில் தாத்தா, அந்தக் குறிப்பேட்டில் ஒரே தொகை இரண்டு முறை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டார். அவள் சற்று நேரம் யோசித்தாள், இம்முறை வாய்விட்டு. அடுத்த நேர்காணல் வரும் திங்கட்கிழமை, கழக்கூட்டத்தில்.