ஒரு மாத வாடகையும் ஒரு கேள்வியும்



ஆண்டிறுதி நெருங்கினால் ஆசிரியர் அறையில் இரண்டு பேச்சுகள் அடிபடும். ஒன்று, இடமாற்றம். மற்றொன்று, மாற்றலாகிச் செல்பவர் தம் வீட்டை வாடகைக்கு விடுவது. இரண்டாவது பேச்சில் ஒரு குறை தவறாமல் எழும்: "முகவர் ஒரு மாத வாடகையை விழுங்கிவிட்டார்!" நானும் அவ்வாறு புலம்பியவன்தான். இப்பொழுது என் எண்ணம் சற்று மாறியிருக்கிறது.

2022-இல் கிள்ளானிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாற்றலானேன். கிள்ளானில் உள்ள என் ஒற்றை மாடி வீட்டை 1,200 ரிங்கிட் வாடகைக்கு விடும் பொறுப்பை ஒரு முகவரிடம் ஒப்படைத்தேன். மூன்று வாரங்களில் ஆள் கிடைத்தது. முகவர் ஒரு மாத வாடகையைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு, சாவியைக் கைமாற்றிவிட்டு விடைபெற்றார். குடிவந்தவரோ எட்டே மாதங்களில் காலி செய்துவிட்டார். முகவரை மீண்டும் அழைத்தேன். புதியவரைத் தேடித்தர மறுபடியும் ஒரு மாத வாடகை வேண்டும் என்றார்.

நாம் ஆசிரியர்கள் அல்லவா, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓராண்டு வாடகை 14,400 ரிங்கிட். அதில் 1,200 என்பது 8.3 விழுக்காடு. எட்டு மாதங்கள் மட்டுமே வாடகை வந்தால் வரவு 9,600; கட்டணம் மாறாமல் அதே 1,200. அஃதாவது எட்டில் ஒரு பங்கு, 12.5 விழுக்காடு. வைப்புத்தொகை இருந்திருக்குமே என்பீர்கள். மின் கட்டண பாக்கியிலும் உடைந்த கதவிலும் சுவருக்குச் சாயம் பூசியதிலும் அது கரைந்துபோயிற்று.

முகவர் செய்தது சட்டமீறல் அன்று. சொத்து முகவர்களை நெறிப்படுத்தும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வகுத்துள்ளன. மூன்றாண்டு வரையிலான வாடகை ஒப்பந்தத்துக்கு ஒன்றேகால் மாத வாடகைவரை அவர் பெறலாம். நாம் தவறவிடும் சொல் 'வரை' என்பதே. வரம்பை நாம் விலையாக எடுத்துக்கொள்கிறோம். சந்தையில் மீனுக்கு ஐம்பது காசு குறைக்கப் பேசும் நாம், ஆயிரத்துக்கு மேற்பட்ட இத்தொகைக்கு வாய் திறப்பதில்லை! குடியிருப்பவர் ஆறு மாதத்துக்குள் வெளியேறினால் என்ன செய்வது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எவ்வளவு தருவது என்பவற்றை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கட்டணத்தைக் குறைக்க எண்ணிப் பதிவு பெறாத இடைத்தரகரிடம் போவது மட்டும் வேண்டாம். பதிவின்றி இத்தொழில் செய்வது குற்றம்; 300,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வைப்புத்தொகையோடு அவர் மறைந்துவிடவும் கூடும். இன்னொன்று: முதல் குடியிருப்பாளரைப் பிடிக்கக் கொடுத்த கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் கழிக்க இயலாது. அவருக்குப் பின் வேறொருவரைத் தேடக் கொடுப்பதைக் கழிக்கலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு.

அந்த முகவர் முதல் நாளே கேட்ட கேள்வி, "எந்த இனத்தவருக்குக் கொடுக்கலாம், சார்?" நான் சிறிதும் யோசிக்காமல், "நம்மவராக இருந்தால் நல்லது" என்றேன். அதே மாதத்தில் பட்டர்வொர்த்தில் எனக்கு ஒரு வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும், "வீடு போய்விட்டது" என்றார்கள். மறுநாளும் அதே வீட்டின் விளம்பரம் இணையத்தில் இருந்தது. இப்படி மூன்று வீடுகள். மனம் கசந்து வீட்டாரிடம் புலம்பினேனே தவிர, கிள்ளானில் நான் சொன்ன பதில் அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை.

கட்டணம் கொடுப்பவர் வீட்டு உரிமையாளர். ஆகவே முகவர் உரிமையாளரின் ஆள். அவர் கேட்கும் இனக் கேள்வி நம் பணத்தில், நம் பெயரில் கேட்கப்படும் கேள்வி. "முகவர்கள் இப்படித்தான்" என்று கைகழுவிவிட நமக்கு வழியில்லை. நம் பள்ளிப் பெற்றோர் பலர் வாடகை வீடு கிடைக்காமல் அலைவதைக் கண்டு வருந்துகிறோம். நம்முள் சொந்த வீட்டை வாடகைக்கு விடுவோர் முகவருக்கு என்ன கட்டளை இடுகிறோம்?

2023-இல் வேறொரு முகவரிடம் போனேன். வாரியத்தில் பதிவு பெற்ற இளம்பெண். ஒரு மாதக் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டேன், பேரம் பேசவில்லை. ஆறு மாதத்துக்குள் ஆள் வெளியேறினால் அடுத்தவரைப் பாதிக் கட்டணத்தில் தேடித் தரவேண்டும் என்று எழுதி வாங்கினேன். அவரும் அதே இனக் கேள்வியைக் கேட்டார். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், இம்மூன்றும் போதும் என்றேன். அவர் சற்று வியந்தார், பிறகு குறித்துக்கொண்டார். வீட்டுக்கு ஆள் கிடைக்க ஐந்து வாரங்கள் ஆயின. முதல் முறையைவிட இரண்டு வாரம் கூடுதல். அந்த இழப்பை நான் மறைக்கவில்லை.

இப்போது ஒரு தாதியின் குடும்பம் அங்கே குடியிருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது முகவருக்கு எவ்வளவு என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது.