போக ஓர் இடம்

முதியவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் வேளைக்குச் சாப்பாடு, மருந்து மாத்திரை, கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் என்றுதான் சொல்வார்கள். மூன்றும் வேண்டியவைதான். எனக்கு எழுபத்தாறு வயது. இந்த மூன்றும் குறைவில்லாமல் கிடைக்கிற வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் நான்காவதாக ஒன்று வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். காலையில் குளித்து, புடவை மாற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும். கையில் காசு இல்லாமல் போகக்கூடிய இடம். போனால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காத இடம்.

நான் இருக்கும் இந்தச் சென்னைப் புறநகரில் ஆண்களுக்கு அப்படி இடங்கள் இருக்கின்றன. டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பூங்காவில் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். சலூனில் முடி வெட்டிக்கொள்ளாமலேயே அரைமணி நேரம் பேப்பர் பார்க்கலாம். பெண்களுக்குக் கோயில் உண்டு, உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். அதை விட்டால் ஆஸ்பத்திரி. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் சேதி வந்தால்தான் போக முடியும். நானாகக் கிளம்பிப் போய், இஷ்டப்பட்ட நேரம் உட்கார்ந்து, நானாகத் திரும்பி வர எனக்கு இருப்பது ஒன்றுதான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளை நூலகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. மற்ற நாள்களில் காலையில் என்னைத் தேடுகிறவர்கள் அங்கே வந்தால் பார்த்துவிடலாம்.

இந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன வயதில் நான் நூலகத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது மன்னார்குடியில். மதிலழகுக்குப் பேர்போன ராஜகோபால சுவாமி கோயில், 23 ஏக்கருக்கு விரிந்து கிடக்கும் ஹரித்ரா நதி என்ற குளம், அதன் நடுவே நீராழி மண்டபம், ஊரை ஒட்டி ஓடும் பாமணி ஆறு. பங்குனி வந்தால் பதினெட்டு நாள் உற்சவம். வெண்ணெய்த்தாழி அன்று தவழும் கண்ணன் கோலத்தில் வரும் பெருமாள் மேல் சனங்கள் வெண்ணெயை வீசுவார்கள். தொன்னையில் ஆளுக்குக் கொஞ்சம் வெண்ணெய் வைத்துக்கொண்டு நாங்கள் வாசலில் காத்திருப்போம். அன்று சாயங்காலம் வரை தெருவில் நடந்தால் கால் வழுக்கும். ஆனி மாதம் தெப்பம் பார்க்கக் கரை நெடுக நிற்போம். பத்துப் பன்னிரண்டு வயதுவரை அந்த ஊரில் நான் ஓடாத சந்து கிடையாது.

பிறகு பாவாடைக்கு மேல் தாவணி வந்தது. அதோடு ஊர் சுருங்கிப்போனது. பள்ளிக்கூடம், வீடு, குளத்துப் படித்துறை, கோயில், இவ்வளவுதான் என் ஊர். நூலகம் இந்தக் கணக்கில் வரவில்லை. போகக் கூடாது என்று யாரும் தடுத்ததில்லை, போய் வா என்று யாரும் சொன்னதும் இல்லை. அங்கே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதே போதுமான காரணமாக இருந்தது. உறுப்பினர் அட்டை அண்ணன் பேரில் இருந்தது. அவன் கிளம்பும்போது அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: “லட்சுமி எழுதினது எதாவது இருந்தா எடுத்துட்டு வாடா.” அவன் துப்பறியும் கதையோடு வருவான். “அதெல்லாம் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா” என்பான். அம்மா அந்தத் துப்பறியும் கதையையும் ஒரு வரி விடாமல் படித்து முடிப்பார். அலமாரி முன்னால் நின்று, முதுகுகளைப் பார்த்துக்கொண்டே போய், இதுதான் வேண்டும் என்று ஒரு புத்தகத்தை உருவி எடுக்கும் சுகம் எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருக்கான புத்தகத்தை எப்போதும் இன்னொருவர் கைதான் எடுத்தது.

அதனால் எங்கள் தெருப் பெண்கள் தங்களுக்கென்று ஒன்றை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் விகடன், ஒரு வீட்டில் கல்கி, ஒரு வீட்டில் கலைமகள் என்று பிரித்துக்கொண்டு வாங்குவார்கள். எல்லா வீடும் சுற்றி வந்த பிறகு, யார் வாங்கினார்களோ அவர்கள் தொடர்கதைப் பக்கங்களைப் பக்குவமாகக் கிழித்து எடுத்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு தகரப் பெட்டி இருந்தது. தொடர் முடிந்ததும் அம்மா தானே பைண்டு பண்ணிவிடுவார். பக்கங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, அம்மிக்குழவியை மேலே வைத்து ஓர் இரவு அழுத்தம் கொடுப்பார். காலையில் ஓரத்தில் துளை போட்டுக் கோணி ஊசியால் தைப்பார். மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார், பூச்சி அரிக்காது. தீர்ந்துபோன காலண்டரின் அட்டைதான் மேலட்டை. முதுகுக்குப் பழைய ரவிக்கைத் துணி. பசை காய்கிற வரைக்கும் தொடக்கூடாது என்பது கட்டளை. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. நான் அதைப் படித்தது அப்படித் தைத்த கட்டுகளில்தான். இடையிடையே பாதி விளம்பரம் இருக்கும், பின்பக்கத்தில் வேறு கதையின் வால் இருக்கும். மணியம் போட்ட படங்களின் ஓரத்தில் தையல் ஏறியிருக்கும்.

அந்தக் கட்டுகள் எங்கெங்கோ போய்வரும். யார் வீட்டில் எது இருக்கிறது என்று கணக்கு எழுதிய நோட்டு கிடையாது. ஒன்றுகூடத் தொலைந்ததாக எனக்கு நினைவில்லை.

சமையல் முடிந்து, பாத்திரம் ஒழித்து, மாலை விளக்கேற்றும் வரை கிடைக்கும் நேரம் பெண்களுடையது. எங்கள் கூடத்தில் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். ஒருவர் முறத்தில் அரிசி பொறுக்குவார், ஒருவர் பூக்கட்டுவார், ஒருவர் மடியில் குழந்தை தூங்கும். பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. எங்கள் அத்தையும் அப்படித்தான். லீவு நாள்களில் படித்துச் சொல்வது என் வேலை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் ஒரு பத்தியைத் தாண்டினால், “நடுவுல என்னவோ விட்டுட்டியே, நல்லாப் பாரு” என்பார். லட்சுமி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன் மூவரும் எங்கள் கூடத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி. அவர்கள் கதையில் வரும் பெண்களுக்காக அழுவார்கள், கோபப்படுவார்கள். தங்கள் வீட்டுச் சேதியை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள்கூட, கதையில் வரும் மாமியாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். அந்த ஒன்றரை மணி நேரம் எத்தனை பேருடைய நெஞ்சை லேசாக்கியது என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிகிறது.

அத்தைக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் புத்தக வண்டியைத் தெரியும். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931ஆம் ஆண்டு கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் தொடங்கினார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அந்த வண்டி புத்தகம் கொண்டுபோனது. உப்பு வண்டி, விறகு வண்டி வரும் தெருவில் புத்தகமும் வண்டியில் வந்தது. அந்த ஏற்பாட்டுக்குத் துணை நின்றவர் எஸ். ஆர். ரங்கநாதன். அவரும் நம் தஞ்சைச் சீமைதான். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். நூலகவியலின் ஐந்து விதிகள் என்று அவர் எழுதி உலகம் முழுக்கப் படித்த புத்தகம் வெளிவந்ததும் அதே 1931தான். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்குவதற்கு என்பதில் தொடங்கி, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். மேலவாசல் வண்டி அதைச் சக்கரம் வைத்துக் காட்டியது. வாசகர் வர முடியாவிட்டால் நூலகம் போக வேண்டும். வயல் வேலை முடிந்து நகரத்துக்கு நடக்க முடியாதவர்களையும் வாசற்படி தாண்டாத பெண்களையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய காரியம் அது என்றே நான் நம்புகிறேன்.

ரங்கநாதன் விடாமல் முயன்றதன் பலன் 1948இல் கிடைத்தது. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாகாணம் நம்முடையது. அதன்படிதான் இன்றைக்கும் நாம் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் வாடகையிலும் அது அடங்கித்தான் இருக்கிறது. ஆகவே கிளை நூலகம் யாரும் நமக்குப் போட்ட பிச்சை கிடையாது. நாம் காசு கொடுத்து வைத்திருக்கும் இடம். அங்கே போய் உட்கார யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எனக்கு அந்தக் கூச்சம் போக அறுபது வயதானது. பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமியாருக்குச் செய்து, கணவரையும் அனுப்பிய பிறகு, என் பேரில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கினேன். அன்றைக்கு அலமாரி அலமாரியாக நடந்தேன். லட்சுமியின் ‘ஒரு காவிரியைப் போல’ கண்ணில் பட்டது. 1984இல் சாகித்திய அகாடமி பரிசு வாங்கிய நாவல். அம்மா கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பெயர். அதைத்தான் முதலில் எடுத்தேன்.

இன்றைக்கு எங்கள் நூலகத்தில் காலையில் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். டிஎன்பிஎஸ்சி வழிகாட்டியையும் பள்ளிப் பாடப்புத்தகங்களையும் அடுக்கிக்கொண்டு தலை நிமிராமல் படிக்கிறார்கள். சாய்வு மேசையில் தாள் தாளாகப் பிரித்துத் தினசரி படிக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம். எங்கள் பெண்கள் கூட்டம் சின்னது. அதில் ஒருவர் மூன்று நிறுத்தம் தள்ளியிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார். 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதிலிருந்து வர ஆரம்பித்தவர். “அதுவரைக்கும் பஸ்ஸுக்கு மகன்கிட்ட காசு கேக்கணும். எங்கேன்னு கேப்பான். பொஸ்தகம் படிக்கன்னு எப்படிச் சொல்றது?” என்றார். வீட்டை விட்டுக் கிளம்புவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய தடை என்று, சொல்லியே பழகிய பெண்களுக்குத்தான் தெரியும். மாட்டுவண்டி அன்று செய்ததை இன்று டவுன் பஸ் செய்கிறது.

குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பல கிளை நூலகங்களுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. உட்காரப் பெஞ்சுதான், முதுகு சாய நாற்காலி இல்லை. மங்கலான விளக்கில், கண்புரை எடுத்த கண்ணுக்குச் சின்ன எழுத்து பிடிபடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது கழிப்பறை. அது இல்லாத இடத்துக்கு வயதான பெண் வரமாட்டாள். வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் வந்து, அரைமணியில் எழுந்து போய்விடுவாள். பெரிய பெரிய நூலகங்கள் கட்டுகிறோம், மகிழ்ச்சி. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பேரனோடு போனேன், கண் நிறைந்தது. ஆனால் மூட்டுவலிக்காரி நடந்து போகிற தூரத்தில் இருப்பது கிளை நூலகம்தான். அங்கே ஒரு கைப்பிடி, நாலு நாற்காலி, நல்ல விளக்கு, சுத்தமான ஒரு கழிப்பறை வந்தால், இப்போது சீரியல் முன்னால் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர் எழுந்து வருவார்கள்.

ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாள். அதை நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த வாரத்தில் உங்கள் வீட்டு அம்மாவையோ பாட்டியையோ அத்தையையோ பக்கத்து நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். உறுப்பினர் அட்டையை அவர் பேரிலேயே வாங்குங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் நீங்கள் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவராக இருந்தால் எந்தப் புத்தகம் நல்லது என்று சொல்லாதீர்கள். அவரே அலமாரியைப் பார்த்து, அவருக்குப் பிடித்ததை எடுத்து வரட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள்.