கைநாட்டுக்குத் திரும்பினோம்



ஒரு காலத்தில் 'கைநாட்டு' என்பது நம் ஊர்ப்புறங்களில் ஏளனச் சொல்லாக வழங்கியது. எழுத்தறியாதவர், பத்திரத்தில் மை தடவிய பெருவிரலை ஊன்றுபவர் என்பது அதன் பொருள். அந்தக் குறை நீங்க வேண்டும் என்றுதான் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் தமிழகமெங்கும் மாலை வகுப்புகள் நடத்தினார்கள். பகலெல்லாம் களை வெட்டிக் களைத்து வந்த பெண்கள் தத்தம் பெயரை எழுதப் பழகினார்கள். முதன்முதலாகக் கையொப்பமிட்ட நாளைப் பற்றி, திருமண நாளைப் பற்றிப் பேசுவது போல இன்றும் பேசுகிற மூதாட்டிகள் நம்மிடையே உண்டு.

முப்பது ஆண்டுகள் சென்றன. இன்று அந்த மூதாட்டியும், அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும், பட்டம் பெற்ற பேரனும் ஒரே வரிசையில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நியாயவிலைக் கடையில் விரல், சிம் கார்டு வாங்க விரல், வங்கி முகவரிடம் ஆயிரம் ரூபாய் எடுக்க விரல். ஓய்வு பெற்ற ஆசிரியர் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிப்பதற்கும் விரல் உதவுகிறது. 2014 நவம்பரில் வந்த மின்னணு உயிர்ச்சான்று அப்படித்தான் அமைந்தது. விஞ்ஞானம் நம் எல்லோரையும் கைநாட்டுகளாக்கி விட்டது!

இதை இழிவென்று நாம் கருதவில்லை. ஆனால், இந்த விரலைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. இயந்திரம் மறுத்தால் நம்மிடம்தான் ஏதோ பிழை என்பது ஒன்று. விரல் ரேகையைப் போன்ற பத்திரமான பூட்டு வேறில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கைரேகைக் கலை நம் நாட்டு மண்ணில் வளர்ந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்கு ஜல்லி தர ஒப்பந்தம் செய்த ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தின் பின்புறம் பதிக்கச் செய்தார். 'இது என் கையொப்பமன்று' என்று பின்னர் அவர் மறுக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைக் காரியாலயம் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் கணக்கை வகுத்துக் கொடுத்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பு, மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கியது. தொடக்கத்திலிருந்தே இந்தக் கலையின் உள்ளே ஓர் ஐயம் குடியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: எதிரே நிற்பவன் பொய் சொல்லக் கூடும் என்ற ஐயம். குற்றவாளியைத் தேடும் காவல் துறைக்கு அது பொருந்தும். அரிசி வாங்க வந்தவருக்கும் அதே அளவுகோலா?

இனி, நம் கரிசல் சீமையின் கைகளைப் பார்ப்போம். கோவில்பட்டியிலும் கழுகுமலையிலும் சாத்தூர்ப் பக்கத்திலும் 'தீப்பெட்டி ஆபீசு'க்குச் சென்று வாழ்ந்த தலைமுறை நம்முடையது. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காலை முதல் மாலை வரை மரக்குச்சியும் அட்டையும் பசையும் விரல் நுனிகளில் உராய்ந்துகொண்டே இருக்கும். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் கை வேறு விதம். மானாவாரி நிலத்தில் உளுந்தும் பாசிப்பயறும் பிடுங்கி, மக்காச்சோளம் ஒடித்து, பருத்தி எடுத்த கை இன்னொரு விதம். மாசி, பங்குனிக் காற்றில் கரிசல் தரை பாளம் பாளமாக வெடிப்பதைப் போல அந்த விரல்களும் வெடித்துக் கிடக்கும். முதுமையில் தோல் வறண்டு மேடுகள் தாழ்ந்து போகும். ரேகை என்பது அந்த மேடுகளும் பள்ளங்களும்தானே? மேடு தேய்ந்தால் கண்ணாடியின் மீது வைத்த விரல், கருவிக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும்.

எனவே நியாயவிலைக் கடையில் நாம் காணும் காட்சி ஒன்றும் புதிரன்று. பெருவிரல் பொருந்தவில்லை, ஆள்காட்டி விரலை வைக்கச் சொல்கிறார்கள், அதுவும் பொருந்தவில்லை. சேலைத் தலைப்பில் துடைக்கிறார். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றுகிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். 'நாளைக்கு வா பாட்டி, சர்வர் சரியில்லை' என்ற பதிலோடு பையை மடித்துக்கொண்டு திரும்புகிறார். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவருக்கு 'நாளை' என்பது மற்றொரு நாள் கூலி. அவர் மனத்தில் எழுவதோ கோபமன்று, வெட்கம். 'என் கை அப்படி' என்கிறார். உழைத்துத் தேய்ந்த கையைப் பற்றி வெட்கப்பட வேண்டியவர் அவர்தானா?

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? களத்தில் உளுந்து சலிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சல்லடையின் கண் பெரிதானால் உளுந்தும் மண்ணோடு சேர்ந்து விழுந்துவிடும். கண் சிறிதானால் மண்ணும் உளுந்தோடு தங்கிவிடும். ரேகை ஒப்பிடும் கருவிக்கும் இப்படி ஓர் அளவு வைக்கிறார்கள். அளவைக் கடுமையாக்கினால் உரியவரையே 'நீ அவரல்ல' என்று தள்ளும். தளர்த்தினால் பிறரையும் 'நீதான் அவர்' என்று ஏற்கும். இரண்டு பிழையும் முற்றிலும் இல்லாத சல்லடையை இதுவரை எவரும் செய்ததில்லை. நூற்றுக்கு ஒன்றுதானே தவறுகிறது என்று சென்னையிலோ தில்லியிலோ இருந்து சொல்லிவிடலாம். ஆயிரம் அட்டைகள் உள்ள கடையில் அது பத்துக் குடும்பம். உண்மையில் தவறும் அளவு சில இடங்களில் இதைவிட மிக அதிகம். மைய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, ஜார்க்கண்டில் 49 விழுக்காடும் ராஜஸ்தானில் 37 விழுக்காடும் பொருந்தாமல் போனதாக மதிப்பீடுகள் உண்டு என்று குறிப்பிட்டது.

அந்த ஜார்க்கண்டில், நம் விசுவாசிகள் பெருவாரியாக வாழும் சிம்டேகா மாவட்டத்தில், 2017 செப்டம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். நோயால் என்றது அரசு. நாடே அதைப் பற்றிப் பேசியது. மறுமாதமே, ஆதார் இல்லை என்பதாலோ ரேகை பொருந்தவில்லை என்பதாலோ உரியவருக்கு உணவுப் பொருள் மறுக்கப்படலாகாது என்று மைய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அரசு நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தபோதும், ரேகை பொருந்தாமையால் ஒருவர் விலக்கப்படக் கூடாது என்ற கவலை அத்தீர்ப்பிலேயே இடம் பெற்றது. ஆகவே இயந்திரத்தின் 'இல்லை' என்பது சட்டத்தின் 'இல்லை' ஆகாது. இதைக் கடைக்காரரும் அறிய வேண்டும். வரிசையில் நிற்கும் நாமும் அறிய வேண்டும்.

நம் மாநிலத்தில் ஸ்மார்ட் அட்டை 2017-இலும், கடைகளில் கைரேகை முறை 2020-இலும் நடைமுறைக்கு வந்தன. ரேகை பொருந்தாதவர்களுக்காகக் கருவிழி பார்க்கும் கருவி பின்னர் வந்தது; கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிப் பொருள் பெறும் வழியும் வந்தது. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் படிவம் கொடுத்துத் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம், எழுபது வயது கடந்தோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டு சென்றது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால், யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் இவை தெரிவதில்லை. 'வேறு வழி இருக்கிறதே, அதைச் செய்யுங்கள் ஐயா' என்று பாட்டியின் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பங்கின் இளைஞர்களுக்கு இதைவிட எளிய சேவை கிடையாது. மேடை வேண்டாம், மாலை வேண்டாம்.

அடுத்த எண்ணத்துக்கு வருவோம். ரேகை பத்திரமான பூட்டு என்கிறோம். சாவிக்கு இரண்டு குணங்கள் வேண்டும்: அது நம்மிடம் மட்டும் இருக்க வேண்டும், தொலைந்தால் பூட்டை மாற்ற முடிய வேண்டும். விரல் ரேகைக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. தேநீர்க் கடைத் தம்ளரில், பேருந்துக் கம்பியில், தொட்ட இடமெல்லாம் அதை விட்டுச் செல்கிறோம். களவு போனால் மாற்றிக்கொள்ள இன்னொரு பெருவிரல் இல்லை. நாம் யார் என்று சொல்லும் பெயரைப் போன்றது ரேகை. பெயரைச் சொன்னவுடன் பணப்பெட்டியைத் திறந்து விடுவார்களா?

திறந்து விட்டார்கள் என்பதுதான் செய்தி. தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்பவர் ஒருவர், பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்த நிலப் பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை போலச் செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்தது 2018-இல் வெளிப்பட்டது. 2023-இல் கர்நாடகத்திலும் பத்திரங்களிலிருந்து ரேகை திருடி வங்கிக் கணக்கில் பணம் எடுத்த கும்பல் பிடிபட்டது. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ஆகிய மூன்று போதும். இரகசிய எண்ணும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். கிளைக்கு நெடுந்தூரம் நடக்க இயலாத கிராமத்தாருக்கு அது பெரும் உதவி என்பதை மறுக்கவில்லை. அதே எளிமைதான் திருடனுக்கும் உதவுகிறது. போலி விரலைக் கண்டுகொள்ளும் புதிய சோதனையை 2023-இல் ஆதார் ஆணையம் சேர்த்தது, நன்று. ஆனாலும் நம் பங்குக்குச் சில எச்சரிக்கைகள் வேண்டும்.

தெருவில் கருவியோடு வந்து, 'புதுத் திட்டம், விரலை வையுங்கள்' என்று சொல்பவரிடம் விரலை நீட்ட வேண்டியதில்லை. வங்கி முகவர், 'பதியவில்லை, மறுபடி வையுங்கள்' என்றால் முதல் முறையும் பணம் போயிற்றா என்று கேட்டு, இரசீது வாங்க வேண்டும். கணக்கோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால் பணம் எடுத்த செய்தி உடனே வரும். இணையாதவருக்குப் புத்தகத்தில் வரவு செலவு பதியும் நாளில்தான் தெரியும். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணில் முறையிட்டு, வங்கிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கியின் குற்றமோ வாடிக்கையாளரின் குற்றமோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் மீது பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறியது. மூன்று நாள் என்பதை மறவாதிருங்கள். பக்கத்து வீட்டாரிடம் யோசனை கேட்பதற்குள் அது கழிந்துவிடும்.

ஆதார் நகலைக் கேட்ட இடமெல்லாம் கொடுக்கும் பழக்கம் மற்றொன்று. 2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் நகலைத் தராதீர், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துவீர் என்று எச்சரித்தது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடும் என்று அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மக்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பது நம் எண்ணம். மறைப்பு ஆதார் என்ற வசதி இன்றும் இருக்கிறது. இணைய மையத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். எடுத்தபின் அவர்களுடைய கணினியில் கோப்பு தங்காமல் அழிக்கச் சொல்வதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

ரேகையையே பூட்டி வைக்கும் வசதியும் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் உண்டு. பூட்டிவிட்டால் போலி விரலும் செல்லாது. உண்மை விரலும் செல்லாது. தேவையான நேரத்தில் திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டலாம். நிலம் விற்று வாங்கியவர்களும் கணக்கில் தொகை வைத்திருப்பவர்களும் இதைச் செய்வது நல்லது. ஆனால் இங்கும் நம் சீமைக்கே உரிய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. பூட்டவும் திறக்கவும் ஓ.டி.பி. எண் வேண்டும், அது வரும் கைப்பேசியோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. ரேஷன் நாளன்று அவர் வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். ஆளுக்கொரு கைப்பேசி என்று எண்ணி வகுத்த பாதுகாப்பு, வீட்டுக்கொரு கைப்பேசி உள்ள குடும்பத்துக்குப் பொருந்துவதில்லை. மகனுடைய எண்ணுக்குப் பதிலாக வீட்டோடு இருக்கும் மருமகளின் எண்ணைப் பாட்டியின் ஆதாரில் சேர்த்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும். அதற்கு ஆதார் மையத்துக்கு ஒருமுறை பாட்டியை அழைத்துச் செல்லலாம். அஞ்சலகங்கள் சிலவற்றிலும் இவ்வேலை நடக்கிறது. தேய்ந்த ரேகைகளைப் புதிதாகப் பதிவு செய்வதையும் கருவிழியைப் பதிவதையும் அதே நாளில் கேட்டு முடித்துக்கொள்ளலாம். ஐந்து வயதும் பதினைந்து வயதும் நிறைந்த பிள்ளைகளுக்கும் ரேகையைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதால், பேரப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் வரிசையில் பாட்டியால் நிற்க முடியாது.