ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினேன். கேலரியில் நோயாளிகள் இருந்தார்கள்

எட்டு வருஷமா ஆண்ட்ராய்டு. போன மாசம் ஐபோனுக்கு மாறினேன். "எப்படி இருக்கு டாக்டர், மாறலாமா?"ன்னு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்டாச்சு. அவங்களுக்காக இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

எல்லாரும் கேட்கிறதை முதல்ல முடிச்சிடுறேன். கேமரா நல்லா இருக்கு. பேட்டரி ஒரு நைட் டியூட்டி தாங்குது. பேக் பட்டன் இருந்த இடத்தை என் கட்டைவிரல் இன்னும் தேடுது. யு.பி.ஐ. ஆப் எல்லாத்தையும் புதுசா பதிவு பண்ணணும், முதல் சில நாள் அனுப்புற தொகைக்கு வரம்பு இருக்கும். அதனால வாடகை கட்டுற வாரத்துல மாறாதீங்க. அவ்வளவுதான். இரண்டும் நல்ல போன்தான், இதுக்கு மேல சண்டை போடுறவங்க போடட்டும்.

நான் சொல்ல வந்தது வேற.

மாறுவதற்கு ஆப்பிளே 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' என்று ஒரு ஆப் கொடுக்கிறது. பழைய போனில் அதைப் போட்டு, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்தால் காண்டாக்ட், மெசேஜ், போட்டோ எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப்பையும் இதே வழியில் கொண்டுபோகலாம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் கணக்கில் இருக்கும், ஐபோன் ஐகிளவுடில் தேடும். ஒன்று வைத்ததை இன்னொன்று படிக்காது. அதனால் புது போனை செட்டப் செய்யும்போதே இதையும் செய்துவிட வேண்டும். நான் அவசரப்பட்டு போனைத் திறந்து உபயோகித்துவிட்டேன். மறுபடி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த இரண்டாவது தடவை, மணிக்கணக்காகும் என்று திரையில் காட்டியது. அப்படி என்னத்தை வைத்திருக்கிறோம் என்று பழைய கேலரியைத் தள்ளிப் பார்த்தேன். 14 ஆயிரத்துச் சொச்சம் படம்.

மகள், மனைவி, ஊர்த் திருவிழா, கல்யாண வீட்டு இலை. நடுநடுவே இ.சி.ஜி. எக்ஸ்ரே. சர்க்கரைப் புண் வந்த கால். பாம்பு கடித்த கை ஒன்று, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதியது. ரத்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு, மறுபடி இ.சி.ஜி. மூன்றில் ஒரு பங்கு என் குடும்பம் இல்லை, என் நோயாளிகள்.

ஒரு படத்தில் நின்றுவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்த பெண். எந்த மருந்து என்று சீனியரிடம் கேட்பதற்காக பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்திருக்கிறேன். பாட்டிலுக்குப் பின்னால் ஓ.பி. சீட்டு. பெயர், வயசு, கணவர் பெயர், ஊர் எல்லாம் தெளிவாகப் படிக்க முடிகிறது. அந்தப் பெண் பிழைத்துவிட்டார். இப்போதும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எங்களிடம்தான் வருவார். அந்த ராத்திரியைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஆனால் அது என் பாக்கெட்டில் இருந்திருக்கிறது, நாலு வருஷமாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கூகுள் போட்டோஸ் பழைய படங்களைக் கோத்து பாட்டுப் போட்டு 'நினைவுகள்' என்று காட்டுமே, போன வருஷம் என் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தநாள் கேக், அடுத்து பலூன், அடுத்து கருத்துப்போன ஒரு கட்டைவிரல். "அப்பா, இது யாரு காலு?" அன்றைக்கு அந்த ஒரு படத்தை அழித்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். மீதி இருந்ததை யோசிக்கவே இல்லை.

ஏன் எடுக்கிறோம்? ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார். கேஷுவாலிட்டியில் நான் ஒரு ஆள்தான். இ.சி.ஜி. எடுத்து, போட்டோ பிடித்து, மெடிக்கல் காலேஜில் இருக்கும் இதய மருத்துவருக்கு அனுப்புகிறேன். "எஸ்.டி. எலிவேஷன் இருக்கு தம்பி, லைஸ் பண்ணிட்டு அனுப்பு"ன்னு பதில் வருது. கட்டியைக் கரைக்கிற ஊசி ஆள் வந்து அரைமணிக்குள் ஏறணும். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் வேண்டாம் என்று எவனாவது சொன்னால் நான் கேட்கமாட்டேன். அந்த இ.சி.ஜி. படங்களால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, அனுப்புவது தப்பில்லை. அனுப்பிய பிறகு அந்தப் படம் எங்கே போய்க் கிடக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

"வாட்ஸ்அப் என்கிரிப்டட் ஆச்சே"ன்னு சொல்வீங்க. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பூட்டு. கேமராவில் எடுத்தது என் கேலரியில் இருக்கும். குரூப்பில் வந்தது தானாக டவுன்லோட் ஆகி கேலரிக்கு வரும். கேலரியிலிருந்து தானாக கூகுளுக்குப் போகும். வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் இதே மாதிரி பூட்டுப் போடும் வசதியை 2021-ல் கொடுத்தார்கள், ஆனால் அதை நாமாக ஆன் செய்தால்தான் உண்டு. நான் செய்திருக்கவில்லை. இப்போது போனை மாற்றியதில் இன்னொரு பிரதி புது போனுக்கு, அங்கிருந்து ஐகிளவுடுக்கு. ஒரு ஓ.பி. சீட்டு, நாலு இடம்.

நண்பர்களிடம் சொன்னேன். ஒருத்தன் சொன்ன பதில் நியாயமானது: "நாளைக்கு கேஸு கம்ப்ளெய்ண்ட்னு வந்தா ப்ரூஃப் வேணும்ல? இ.சி.ஜி. பேப்பர் ஆறு மாசத்துல வெளுத்துடும்டா."

உண்மைதான். அது சூட்டில் பதிகிற தாள், நாளாக நாளாக மங்கும். அதற்கு வழி ஜெராக்ஸ். எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள், நேரம் போட்டு கையெழுத்திடுங்கள், யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதுங்கள். கோர்ட்டில் முதலில் கேட்கப்போவது கேஸ் ஷீட்டைத்தான், உங்கள் கேலரியை இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பதும், ஆவணத்தை மூன்று வருஷம் வைத்திருப்பதும் மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகளிலேயே இருக்கிறது. அந்த ஆவணம் இருக்கவேண்டிய இடம் ரெக்கார்ட் ரூம். என் மகள் கார்ட்டூன் பார்க்கிற போன் அல்ல.

நான் செய்ததைச் சொல்கிறேன், உபயோகப்படலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தேன். அழித்ததும் போய்விட்டது என்று நினைக்காதீங்க. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் 30 நாள். அங்கேயும் போய்க் காலி பண்ணணும். வாட்ஸ்அப்பில் படம் தானாக கேலரிக்கு வருவதை நிறுத்தினேன். இனி நோயாளி படம் எடுத்தால் பெயர் தெரியாமல் மடித்து எடுக்கிறேன், பதில் வந்ததும் அழிக்கிறேன். இது போதாது, தெரியும். டியூட்டி மாறும்போது மறந்தும்போகிறேன்.

முக்கியமாக, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவங்க கவனிங்க. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பது என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், ஃபேக்டரி ரீசெட் அடித்தால் மீட்பது கஷ்டம். ஆனால் மெமரி கார்டு அப்படி இல்லை. ரீசெட் அடித்தாலும் அதில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். கடைக்காரர் ட்ரேயை வெளியே இழுத்தபோது சிம்மோடு கார்டும் வந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். "இது வேணுமா சார்?"னு அவரே கேட்டதால் கைக்கு வந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்துப் படங்கள். பிரசவ வார்டு உட்பட.

கேஷுவாலிட்டிக்கு ஒரு டியூட்டி போன் வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டெத் மாதிரி சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொள்கிற சாமான் இல்லை இது. பெரிய போன் வேண்டாம், கேமரா தெளிவாக இருந்தால் போதும். அது அந்த மேஜையிலேயே இருக்கட்டும், யார் டியூட்டியோ அவர் எடுத்துப் பேசட்டும், வீட்டுக்கு யாரும் கொண்டுபோக வேண்டாம். ஆண்ட்ராய்டா ஐபோனா என்று யாரும் கேட்கப்போவதில்லை. "பார்க்கலாம் டாக்டர்" என்று பதில் வந்திருக்கிறது. வாங்கும்வரை நாங்கள் எட்டுப் பேரும் எட்டு போனில்தான் எடுத்துக்கொண்டிருப்போம்.

ஐபோனில் தமிழ் டைப் பண்ண முடியுமான்னு கேட்ட அக்காவுக்கு: முடியும், கீபோர்டு உள்ளேயே இருக்கு. இந்த இழை முழுக்க அதுலதான் அடிச்சேன். ழகரம் எங்கேன்னு கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆச்சு.