இலக்கணம் சுமையா, துணையா?

"மாஸ்ரர், பிள்ளை தமிழ் கதைத்தாற் போதும், இலக்கணம் என்னத்துக்கு?" தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் சிலர் எம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. ஓய்வு நாளிலும் படிக்க வரும் பிள்ளையின் களைப்பை அறிந்தே கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. எனினும் எமது கருத்து வேறு.

இதே பெற்றோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிள்ளை பிரெஞ்சு வீட்டுப்பாடத்தை விரித்து வைத்ததும், மொழி தெரியாத தாய் தந்தையர் ஒதுங்கிக் கொள்கின்றனர். பிள்ளையின் கல்வியில் தமக்கு இடமில்லை என்ற எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது. ஊரில் ஆசிரியராயிருந்த நாமும், அகதியாய் வந்த புதிதில், கடைசி வாங்கிலிருந்து பிரெஞ்சு படித்தோம். அன்று எமக்குக் கைகொடுத்தது ஊரிற் படித்த தமிழ் இலக்கணமே.

பிரெஞ்சில் 'நோம்' என்றால் பெயர். விண்ணப்பப் படிவத்தில் எமது பெயரைக் கேட்பதும், இலக்கணப் புத்தகத்திற் பெயர்ச்சொல்லைக் குறிப்பதும் அந்த ஒரே சொல். ஆங்கிலத்தின் 'நவுண்' என்பதும் பெயர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. தொல்காப்பியரும் 'பெயர்' என்றே வழங்கினார். 'வேர்ப்' என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு வெறுமனே 'சொல்' என்பதே பொருள். தமிழோ 'வினை' என்று கூறி, அது செயலைக் குறிப்பது என்பதைப் பெயரிலேயே உணர்த்திவிடுகிறது.

லாச்சப்பலுக்கு வரும் பிள்ளைகள் 'போர்த் து லா ஷப்பல்' என்ற மெற்றோ நிலையத்தை அறிவர். அங்கே 'போர்த்' என்பது வாயில், பெயர்ச்சொல். 'ஜெ போர்த்' என்றாலோ 'நான் சுமக்கிறேன்', வினைச்சொல். தமிழில் 'ஆடு' என்ற சொல்லும் இத்தகையதே. 'ஆட்டைக் கட்டினான்' என்று வேற்றுமை உருபை ஏற்கும்போது அது பெயர். 'ஆடினான், ஆடுகிறான், ஆடுவான்' என்று காலம் காட்டும்போது அது வினை. இந்த வேறுபாட்டைத் தமிழில் உணர்ந்த பிள்ளை, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்லின் வடிவைக் கண்டு மயங்காது, அது வாக்கியத்திற் செய்யும் வேலையை நோக்கும்.

மொழிகள் யாவும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் செயலும், இறந்த காலமும், வந்தவர் 'நான்' என்பதும் அடங்கிவிடுகின்றன. பிரெஞ்சுக்கு 'ஜெ சுவி வெனு' என மூன்று சொற்கள் வேண்டும். 'நான்', 'நீ' என்பவற்றை எமது இலக்கணம் பெயருள் அடக்கும். அவர்கள் தனி வகையாக்குவர். ஒற்றுமையைக் கண்டபின் வேற்றுமையைக் காண்பதே முறை. ஆதலாற் பெயரிலும் வினையிலும் தொடங்குவோம்.

பெற்றோர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. பிள்ளையின் பிரெஞ்சுப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதில் பெயர் எது, வினை எது?" என்று தமிழிற் கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை தமிழில் விளக்கட்டும், நீங்கள் செவிமடுங்கள். மாணவச் செல்வங்களே, அவ்வேளை பொறுமையோடு விளக்குங்கள். உங்கள் பெற்றோரும் ஒருகாலம் நல்ல மாணாக்கரே.

ஒரே மேசையில் இருவரும் அமர வழிசெய்யும் இலக்கணம் சுமையன்று; துணையே.