அகல மானிட்டரில் முகம் ஏன் குண்டாகத் தெரிகிறது?

கீழ்வேளூர் பக்கம் கல்யாண பேனர், காதுகுத்துப் பத்திரிகை என டிசைன் செய்ய வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் உண்டு. எழுத்து சிறியதாகத் தெரிந்தால் சிலர் உடனே ரெசல்யூஷனை 1024 × 768 ஆகக் குறைத்துவிடுகிறார்கள். டிசைன் வேலைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்பேன். 4:3 விகிதப் படத்தை 16:9 திரை முழுக்க இழுத்து நிரப்பினால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மாப்பிள்ளை முகம் பூசணிக்காய் போலத் தெரியும். உடனே போட்டோவைப் பக்கவாட்டில் அமுக்கி பிரிண்டுக்கு அனுப்புவார்கள். பிரிண்டருக்கு உங்கள் மானிட்டரா தெரியும்? ஃபைலில் உள்ளபடிதான் அச்சிடும். பேனரில் மாப்பிள்ளை நோஞ்சானாக நிற்பார். மறுபடி அடிக்கலாம் என்றால் முகூர்த்தம் காத்திருக்குமா?

விண்டோஸ் 11-ல் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ செல்லுங்கள். ‘டிஸ்பிளே ரெசல்யூஷன்’ பட்டியலில் ‘ரெகமண்டட்’ என்று குறிப்பிட்டுள்ள அளவைத் தேர்ந்தெடுங்கள். பல மானிட்டர்களில் இது 1920 × 1080. அந்த அளவே பட்டியலில் இல்லையா? முதலில் கிராபிக்ஸ் டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக்க, அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ அளவை 125% ஆக்கினால் போதும். படத்தின் அகல உயர விகிதம் மாறாது.

இனி கோரல்டிராவில் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எலிப்ஸ் டூலால் ஒரு வட்டம் வரையுங்கள். பிள்ளைகளின் அடிக்கோலைத் திரையில் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாப்பிள்ளை போட்டோவைத் திறக்கலாம்.