கொல்லன் மகனும் கோமகன் மாளிகையும்



"டிப்ளமோ படிக்கிறவனுக்கு ஓவியம், சிற்பமெல்லாம் எதுக்குடா?" ஹாஸ்டலில் ஒரு ராத்திரி நண்பன் கேட்டான். என் கையில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது. பிரான்ஸ் நாட்டின் திஜோன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தைப் பற்றியது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. போன வருஷம் வரைக்கும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் அப்பாவுக்குக் கொல்லுப்பட்டறை வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சின்ன வயதில் ஒருமுறை அப்பா என்னை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். வாசலில் இருந்தவர் அப்பாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன வேலை?" என்றார். அப்பா பதில் பேசாமல் திரும்பிவிட்டார். 'இது நம்ம இடமில்லை' என்று அன்றைக்கே மனசில் பதிந்துவிட்டது.

அந்த எண்ணம் தப்பு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது திஜோன்தான்!

பாரீசுக்குத் தென்கிழக்கே, பர்கண்டிப் பகுதியின் பழைய தலைநகரம் அது. பர்கண்டிக் கோமகன்களின் மாளிகைக்குள்தான் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அதற்கு விதை போட்டது கோமகன் அல்ல, ஒரு டிராயிங் பள்ளிக்கூடம்! 1766-ல் பிரான்சுவா தெவோஜ் என்ற ஓவியர் அங்கே ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். கட்டணம் கிடையாது. ஓவியராக விரும்பியவர்களோடு கைத்தொழில் செய்கிறவர்களும் படித்தார்கள். அந்தப் பள்ளியை ஒட்டித்தான் 1787-ல் அருங்காட்சியகம் உருவானது. வரைந்து பழக நல்ல மாதிரிகள் கண்ணெதிரே வேண்டுமல்லவா?

அங்கே படித்த இருவரைப் பாருங்கள். ப்ரூதோன், கல்தச்சர் ஒருவரின் மகன். பரிசு வென்று ரோமுக்குப் போனவர், அங்கே ஒரு பெரிய கூரை ஓவியத்தைப் பார்த்து வரைந்து திஜோனுக்கு அனுப்பினார். நம்ம பாஷையில் சொன்னால் அசைன்மெண்ட்! இன்றைக்கும் அருங்காட்சியகத்தின் சிலைக் கூடத்துக்குக் கூரையாக இருப்பது அதுதான். இன்னொருவர் பிரான்சுவா ரூத். இரும்படுப்பு செய்கிற தொழிலாளியின் மகன்; தானும் அந்தப் பட்டறையில் கை கறுக்க வேலை பார்த்தவர். பாரீஸ் வெற்றி வளைவில் போருக்குப் புறப்படும் மக்களின் பெரிய சிற்பத்தைச் செதுக்கியவர் இவரே. அதைப் படித்தபோது என் அப்பாவின் கைதான் கண்முன் வந்தது.

அங்கே போகிறவர்கள் தேடிப் பார்ப்பது இரண்டு கோமகன்களின் கல்லறைகளை. மேலே கோமகன்கள் படுத்திருக்கிறார்கள். கீழே சுற்றிலும் சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில் வெண்கல் மனிதர்கள் அழுதபடி ஊர்வலம் போகிறார்கள். ஒருவர் முகம் முக்காட்டுக்குள் மறைந்திருக்கிறது. ஒருவர் அங்கியால் கண்ணைத் துடைக்கிறார். துணியின் மடிப்பிலேயே துக்கத்தைக் காட்டிவிட்டார்கள் சிற்பிகள். படுத்திருக்கும் கோமகனைவிட இந்தச் சின்ன மனிதர்கள்தான் என் மனசில் நின்றார்கள். உளி பிடித்த கையின் பெருமை இதுதானே!

"இதெல்லாம் வேலை வாங்கித் தருமா?" என்று நண்பன் மறுபடி கேட்டான். நியாயமான கேள்வி. நேரடியாகத் தராது. ஆனால் மெஷின் டிராயிங்கில் நாம் போடும் ஒவ்வொரு கோடும் கண்ணால் பார்க்கப் பழகியதன் பலன். கண் பழகாமல் கை பழகாது. தொழிலாளிக்கும் டிராயிங் வேண்டும் என்று இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே தெவோஜ் நினைத்தாரே, அவர் என்ன விவரம் இல்லாதவரா?

இன்னொரு செய்தி. திஜோன் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களைப் பார்க்க டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் நுழையலாம். அரசன் வீட்டுச் சொத்து ஊர்ச் சொத்தாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திஜோனுக்கு நாம் நாளைக்கே போய்விட முடியாது. ஆனால் அடுத்த வருஷம் தொழிற்சாலைச் சுற்றுலா போகும்போது, அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும் என்று நம் மாணவர் சங்கம் கேட்கட்டும். பென்சிலும் நோட்டும் எடுத்துப் போவோம். பிடித்த ஒன்றை உட்கார்ந்து வரைவோம்.

நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். இந்த லீவில் அப்பாவை அதே வாசலுக்கு மறுபடி கூட்டிப் போகப் போகிறேன். "உள்ளே என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், இந்த முறை நான் பதில் சொல்வேன்:

"பார்க்க வந்திருக்கோம்."

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை